மகனுக்கு, மாமாவின் தொப்பி குறித்து

அன்புள்ள மகனுக்கு,

இங்கே அலாஸ்காவில், நம் ட்லிங்கிட் மக்களின் ஊரான அங்கூனில் அனைவரும் நலம். சியாட்டிலில் உனக்குப் பதவி உயர்வு கிடைத்ததை மாமா கடைசிவரை வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிப் பூரித்தார். மறைந்த அவருக்கு வரும் அக்டோபரில் கூஈக் என்னும் நினைவு விருந்துச் சடங்கு நடத்துகிறோம் என்று முன்பே எழுதியிருந்தேன். பதில் வரவில்லை. வேலை மிகுதியாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

மாமா காத்துவந்த நம் குலத் தொப்பியை ஜூனோ அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டால் பூச்சி அரிக்காது என்று முன்பொருமுறை சொன்னாய். அதில் எனக்கு மறுப்பில்லை. பல குலத்தார் அப்படி வைத்துவிட்டு, விழாவுக்கு மட்டும் எடுத்து வருகிறார்கள். எடுத்து வந்தால் அணிய ஒரு தலை வேண்டுமே, அதைத்தான் கேட்கிறேன்.

மாமாவின் அடக்கத்தை முன்னின்று செய்தவர்கள் நம் மக்களின் இரு பக்கங்களில் நமக்கு எதிர்ப்பக்கமான, உன் அப்பா வழிக் காக்கைப் பக்கத்தார். நாம் துக்கப் பாடல்களைப் பாடி முடித்ததும் உன் அத்தைமார் எழுந்து, தங்கள் குலத் தொப்பிகளையும் போர்வைகளையும் காட்டி நம்மைத் தேற்றுவார்கள். அவர்கள் கண்முன் நம் தொப்பியும் வெளிவந்தாக வேண்டும். புதிதாகச் செதுக்கிய தொப்பிகூட எதிர்ப்பக்கத்தார் சாட்சியாக இருந்து, அவர்களுக்குப் பணம் கொடுத்த பிறகுதான் அட்டூ, அதாவது குலத்தின் புனிதப் பொதுச் சொத்து, ஆகிறது. அட்டூ என்றால் உனக்கோ எனக்கோ சொந்தமில்லை; மாமாவும் காவலராகத்தான் இருந்தார். அவருக்குப் பின் அவருடைய சகோதரி மகனான நீ.

போன வாரம் உறையைப் பிரித்துப் பார்த்தேன். உச்சியில் அடுக்கிய ஸ்ப்ரூஸ் வேர் வளையங்கள் உறுதியாகவே இருக்கின்றன. தொப்பியில் செதுக்கிய உருவத்தின் இடது கண்ணில் பதித்த அபலோனிச் சிப்பி சற்றே ஆடுகிறது. ஒட்ட வேண்டியதும் காக்கைப் பக்கத்தார்தான். உன் அப்பாவின் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

ஓர்காத் திமிங்கிலக் குலத்தாரின் தொப்பியை ஒரு நூற்றாண்டு கழித்து, 2005 ஜனவரியில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் திருப்பித் தந்தபோது, அந்தக் குலத் தலைவர் மார்க் ஜேக்கப்ஸ் சிட்கா மருத்துவமனையில் படுத்திருந்தார். அங்கேயே கொண்டுபோய்க் காட்டினார்கள். சில நாட்களில் அவர் காலமானார். 1882இல் அமெரிக்கக் கடற்படை நம் ஊரைக் குண்டு வீசி எரித்த பிறகும், மிஞ்சியதைக் காப்பாற்றி வைத்தவர்கள் நம் பெரியவர்கள். இவ்வளவுக்கும் பிறகு, நம் தொப்பி வீட்டிலேயே இருந்தும் அணிய ஆளில்லை என்று அத்தைமார் முன் நான் எப்படிச் சொல்வேன்?

வருவாயா என்று நான் கேட்கவில்லை. மூடுபனி வந்தால் ஜூனோவிலிருந்து மிதவை விமானம் பறக்காது. படகும் தினமும் இல்லை. ஆகவே இரண்டு நாள் முன்னதாகவே புறப்படு. உன் தலைச் சுற்றளவை எழுதி அனுப்பு. உள்பட்டையைச் சரிசெய்ய வேண்டும்.

அம்மா