கடைசிக் குழாயில் குளோரின்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. மஞ்சக்குப்பத்தில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. மாடிக்குக் குடித்தனம் வந்தாயிற்று. மற்றதை அம்மா சொல்லியிருப்பாள்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கிடும் உன் கம்ப்யூட்டர் மாடல் சரியாக வரவில்லை என்று அத்தையிடம் சொன்னாயாம். என்னிடம் சொல்லவில்லை, போகட்டும். அத்தை இன்னொன்றும் சொன்னாள். அதை நான் எழுத்தில் கேட்கப்போவதில்லை. தண்ணீரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் இருப்பதாக உன் கணக்கு சொல்கிறது. உன் மாணவர்கள் போய் அளந்தால் ஒன்றுமே இல்லை. இதுதானே? இதற்காக உன்னை நீயே நொந்துகொள்ளாதே. மாடலுக்குள் போட்ட எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்.

குளோரின் குறையும் வேகத்துக்கு நீ போட்ட கே மதிப்பு 20 டிகிரி லேபில் எடுத்ததா? இங்கே சித்திரையில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். பத்து டிகிரி ஏறினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கே மணிக்கு 0.05 என்றால் 1 மில்லிகிராம் 0.2-க்கு இறங்க 32 மணி நேரம் பிடிக்கும். 0.1 என்றால் 16 மணி நேரம்தான்.

அதனால் முதலில் பாட்டில் டெஸ்ட் வை. பழுப்புக் கண்ணாடி பாட்டில்களை அதிகக் குளோரின் கலந்த தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, டிஸ்டில்டு வாட்டரில் நன்றாக அலசச் சொல். இல்லாவிட்டால் கண்ணாடியில் ஒட்டிய அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். குளோரின் கலந்த இடத்துக்கு அடுத்த வால்வில் பிடித்து, காற்றுக் குமிழ் இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூடி, அதே தண்ணீர் உள்ள வாளியில் நிழலில் வைக்கட்டும். ஒரு ரீடிங்குக்கு ஒரு பாட்டில். திறந்ததைத் திரும்ப மூடி வைக்கவே கூடாது. ஆரம்பத்தில் ஒன்று, பிறகு 1, 2, 4, 8, 12, 24 மணி நேரத்தில் ஒவ்வொன்று. முதல் மணி நேரத்தில் மளமளவென்று இறங்கும், அப்புறம் நிதானமாகும். இரண்டுக்கும் ஒரே கே போட்டால் இரண்டுமே தப்பாகும். இதில் கிடைப்பது தண்ணீருக்குள் நடப்பது மட்டும். பழைய வார்ப்பிரும்புக் குழாயின் துரு தின்பது தனிக் கணக்கு. பிவிசியில் அது கொஞ்சம்தான்.

வீராணம் மாதிரி ஏரித் தண்ணீருக்கு எடுத்த கே மதிப்பை போர்வெல் தண்ணீருக்குப் போடாதே. போர்வெல்லில் இரும்பு இருந்தால், கரைந்த இரும்பு 1 மில்லிகிராமுக்கு 0.63 மில்லிகிராம் குளோரின் உடனே போய்விடும். அம்மோனியா இருந்தால் இன்னும் மோசம், அதன் நைட்ரஜன் 1 மில்லிகிராமுக்கு எட்டிலிருந்து பத்து மடங்கு குளோரின் கேட்கும். ஆர்த்தோடொலிடின் என்ற சோதனைத் திரவம் போட்டு மஞ்சள் நிறம் வந்ததும் குளோரின் இருக்கிறது என்று எழுதிவிடுவார்கள். அம்மோனியாவோடு சேர்ந்த குளோரினுக்கும் அதே மஞ்சள்தான். டிபிடி என்ற இன்னொரு சோதனை மருந்தைப் போட்டு, இளஞ்சிவப்பை ஒரு நிமிடத்துக்குள் படிக்கச் சொல். தாமதித்தால் அதிலும் நிறம் கூடும்.

அடுத்து பிளீச்சிங் பவுடர். ஆபரேட்டர் நோட்டில் எழுதியிருக்கும் கிலோவை, பவுடரில் 33 சதவீதம் குளோரின் என்று பெருக்கித்தானே அளவு போட்டிருக்கிறாய்? கடற்காற்றில் வாய் திறந்து கிடக்கும் மூட்டையில் 33 எங்கே நிற்கும்? ஒரு லட்சம் லிட்டர் தண்ணீருக்கு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் என்றால் 200 கிராம் குளோரின் வேண்டும். 33 சதவீதப் பவுடரில் அது சுமார் 600 கிராம். 20 சதவீதத்துக்கு இறங்கிய பவுடரில் ஒரு கிலோ. ஆபரேட்டர் 600 கிராம்தான் போடுவார், அவர்மேல் தப்பே இல்லை. மூட்டைக்கு மூட்டை சாம்பிள் எடுத்து, தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குளோரினை அளக்கும் டைட்ரேஷன் பண்ணு.

எல்லாவற்றையும் விடப் பெரியது ஒன்று இருக்கிறது. குழாய் வலைப்பின்னலைக் கணக்கிடும் எபாநெட் மென்பொருளை 1993-ல் ராஸ்மன் கொண்டுவந்தபோது குழாயில் எந்நேரமும் தண்ணீர் நிறைந்திருக்கும் என்ற எண்ணத்தில்தான் செய்தார். 2020-ல் வந்த அதன் 2.2 பதிப்பில் அழுத்தத்துக்குத் தக்கபடி தண்ணீர் இறங்குவதைக் கணக்கிடலாம், ஆனால் காலிக் குழாய் நிரம்புவதை அதுவும் பார்க்காது. நம் பக்கம் காலையில் கொஞ்ச நேரம் விடுகிறார்கள், பிறகு லைன் காலி. வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டு இழுக்கும்போது மூட்டுக் கசிவு வழியே சாக்கடைத் தண்ணீரும் உள்ளே வரும். லைன் திறந்ததும் முதலில் வருவதில் குளோரின் பெரும்பாலும் இருக்காது. உன் மாணவர்கள் எந்த நிமிடத்தில் பிடித்தார்கள்? திறந்தவுடன் ஒன்று, கால் மணி கழித்து ஒன்று, நிறுத்துவதற்கு முன் ஒன்று என்று பிடித்தால்தான் நியாயம்.

இதையெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழாய்க்குள் நடப்பதை எண்ணாக்கிக் காட்டுகிறவள் என் பெண் என்று திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவள் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. 'பிஸி' என்று ஒரு சொல் அனுப்பினால் அதை வைத்துக்கொண்டு அம்மா ராத்திரியெல்லாம் புரள்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, அதையாவது எழுதும்மா.

வேலையைப் பற்றி என்ன முடிவு எடுத்தாலும் அது உன் இஷ்டம். மாடல் பொய்யாகிவிட்டதே என்ற வருத்தத்தில் மட்டும் எடுக்காதே. அது பொய்யாகவில்லை, அதற்குச் சரியான எண் இன்னும் யாரும் கொடுக்கவில்லை. பாட்டிலை வை, அப்புறம் யோசி. கோடையில் ஒரு தடவை, ஐப்பசி மழையில் ஒரு தடவை வைத்தால் நல்லது.

மாணவர்களை அனுப்புவதாக இருந்தால் நம் வீட்டிலேயே தங்கட்டும். 12 மணி நேர ரீடிங் நடுராத்திரியில் விழும், லாட்ஜிலிருந்து ஓடி வர முடியாது. முன் அறை காலியாகத்தான் இருக்கிறது. ஃபேன் மாற்றியாயிற்று. நீயும் கூட வந்தால் டைட்ரேஷனை நீயே பார்த்துக்கொள்ளலாம். தேதி மட்டும் சொல், பியூரெட்டும் தயோசல்பேட்டும் நான் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா