செத்த தண்ணீர் இல்லை, ஐயா

தூத்துக்குடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள ஜெகனுக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. கப்பல் ஹவாய்க்கு வடக்கே போகிறது, நாலு நாளாக ஒரு பறவையைக்கூடக் காணோம், தண்ணீர் பேனா மை மாதிரி நீலமாகக் கிடக்கிறது, "செத்த தண்ணிம்மா" என்று எழுதியிருந்தாய். வாட்ஸ்அப்பில் பதில் போட ஆரம்பித்தேன். நீண்டுகொண்டே போயிற்று. சரி, கடிதமாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். இருபத்தெட்டு வருடம் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்தத் தண்ணீரைச் செத்தது என்று என் பிள்ளை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

ஓவாஹு தீவிலிருந்து 100 கிலோமீட்டர் வடக்கே 'அலோஹா' என்று ஓர் இடம் உண்டு. வரைபடத்தில் குறித்து வைத்த ஒரு வட்டம்தான் அது. 1988 அக்டோபரிலிருந்து ஏறக்குறைய மாதம் ஒருமுறை கப்பலில் அங்கே போய்த் தண்ணீர் எடுத்துப் பார்க்கிறார்கள். நீ அதற்குப் பக்கத்தில்தான் எங்கோ கடந்திருப்பாய். அங்கே தண்ணீர் அவ்வளவு நீலமாக இருப்பதற்குக் காரணம் வறுமை. நைட்ரஜன், பாஸ்பரஸ் எல்லாம் மிக மிகக் குறைவு. பெரிய பாசிகள் அதிகம் பிழைக்க முடியாது. ஆனால் ஒரு மில்லி தண்ணீரில் ப்ரோக்ளோரோகாக்கஸ் என்ற பாக்டீரியா லட்சம் வரைக்கும் இருக்கும். ஒரு மில்லிமீட்டருக்குள் ஆயிரத்தைந்நூறு பேர் வரிசை கட்டி நிற்கலாம், அவ்வளவு சிறியது. வெயிலைப் பிடித்துத் தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்ளும். சாலி சிஸ்ஹோமும் ராபர்ட் ஓல்சனும் உடன் வேலை பார்த்தவர்களும் 1988-ல் எழுதிய பிறகுதான் இப்படி ஒன்று இருப்பதே உலகத்துக்குத் தெரிந்தது.

இந்தச் சின்ன உயிரின் சவ்வைப் பற்றித்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். வகுப்பில் சவ்வு என்றாலே பிள்ளைகள் ஒரு பையைப் படம் போட்டுவிட்டு, உள்ளே இருக்கும் டி.என்.ஏ.வுக்குப் போய்விடுவார்கள். எனக்கு அதில் ஆதங்கம் உண்டு. அந்தப் பையில்தான் முக்கால்வாசிக் கதை இருக்கிறது. சவ்வு முழுக்கக் கொழுப்பு மூலக்கூறுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை, இரண்டு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. அதனால் வால்கள் உள்ளே பார்த்தும் தலைகள் வெளியே பார்த்தும் இரண்டு அடுக்காக நின்றுகொள்ளும். பெரும்பாலான உயிர்களில் அந்தத் தலையில் ஒரு பாஸ்பேட் இருக்கும். உனக்கும் எனக்கும் அப்படித்தான்.

இங்கேதான் சிக்கல். பாஸ்பரஸ் இல்லாத கடலில் பாஸ்பேட்டால் தோல் தைத்துக்கொள்ள முடியுமா? டி.என்.ஏ.வுக்கு அது வேண்டும், அதில் கைவைக்க வழியில்லை. வேன் மூய் என்பவரின் குழு 2006-ல் நீ போகும் அந்தக் கடலிலேயே அளந்து பார்த்தது. அங்குள்ள மிதவை உயிர்கள் எல்லாம் சேர்ந்து உள்ளே எடுக்கும் பாஸ்பேட்டில் 18 முதல் 28 சதவீதம் சவ்வுக் கொழுப்புக்கே போகிறது. ஆனால் அந்தக் கடலை ஆளும் ப்ரோக்ளோரோகாக்கஸைத் தனியாக வளர்த்துப் பார்த்தபோது, அது சவ்வுக்குக் கொடுப்பது ஒரு சதவீதம்கூட இல்லை! பாஸ்பேட் தலைக்குப் பதிலாகச் சர்க்கரையும் கந்தகமும் சேர்ந்த தலையை அது வைத்துக்கொள்கிறது. சல்போலிப்பிட் என்று பெயர்.

கந்தகத்துக்குக் கடலில் பஞ்சமே இல்லை. உனக்கே தெரியும். தாத்தாவின் உப்பளத்தில் உப்பு விளைவதற்கு முன்னால் பாத்தியில் ஜிப்சம் படியுமே, நீ காலில் குத்திக்கொண்டு அழுதாயே, அது கால்சியம் சல்பேட். கடல் முழுக்கக் கரைந்து கிடக்கும் சல்பேட்டில் ஒரு துளி. கிடைக்காததை விட்டுவிட்டுக் கிடைப்பதை எடுத்துத் தோல் தைத்திருக்கிறது அந்த உயிர்.

நான் எம்.எஸ்ஸி. படித்தபோது சவ்வுக் கொழுப்பைப் பிரித்தெடுக்கும் வேலை செய்தேன். குளோரோபாம், மெத்தனால், தண்ணீர் மூன்றையும் செல்களோடு குலுக்கி வைத்தால் சிறிது நேரத்தில் இரண்டு அடுக்காகப் பிரியும். கொழுப்பு அடியில் குளோரோபாமில் இறங்கிவிடும். அதைப் பிப்பெட்டில் எடுத்து, சிலிக்கா பூசிய கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் பொட்டு வைப்போம். கரைப்பான் மெல்ல மேலே ஏறும், பொட்டுகள் தனித்தனியாகப் பிரியும். எங்கள் ஆய்வகத்தில் புகை இழுக்கும் அறை கிடையாது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, சாயங்காலம் தலைவலியோடு விடுதிக்குப் போவேன். தகட்டில் மாலிப்டினம் கலந்த ஒரு திரவத்தைத் தெளித்தால், பாஸ்பரஸ் உள்ள கொழுப்பு மட்டும் நீலமாக எழும்பி வரும். வெள்ளைத் தகட்டில் அந்த நீலம் வரும் கணத்துக்காக நான் ராத்திரி பத்து மணி வரைக்கும் காத்திருந்திருக்கிறேன். நீலம் வரவில்லை என்றால் சோதனை தப்பு என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நீலம் ஏறக்குறைய இல்லாமலே ஓர் உயிர் இருக்க முடியும் என்று பல வருடம் கழித்து வேன் மூய் குழுவின் கட்டுரையில் படித்தபோது, அந்தத் தகடுதான் கண்ணில் வந்து நின்றது.

அப்புறம், வெயிலில் சமைக்கத் தெரியாத பாக்டீரியாக்களும் இதைச் செய்கின்றன. பெலாஜிபேக்டர் என்று ஒன்று, கடலில் அதைவிட அதிகமாக இருப்பது அரிது. பாஸ்பேட் தீர்ந்தால் அது சவ்வை மாற்றிக் கட்டுவதை 2015-ல் காட்டினார்கள். பல கடல் பாக்டீரியாக்களில் இதற்கென்று ஒரு நொதி உண்டு. இருக்கும் கொழுப்பின் பாஸ்பேட் தலையை மட்டும் வெட்டி எடுக்கும். வால்கள் அப்படியே இருக்கும். அதன் மேல் வேறொரு நொதி சர்க்கரைத் தலையை ஒட்டிவிடும். வெட்டிய பாஸ்பேட் வீணாகாது, உள்ளே வேறு வேலைக்குப் போகும். கப்பலை நடுக்கடலில் ஓட்டிக்கொண்டே தகடு மாற்றுகிற மாதிரி.

இது இலவசமாகக் கிடைப்பதில்லை. 2022-ல் வந்த ஓர் ஆய்வில், இப்படித் தலை மாற்றிக்கொண்ட பாக்டீரியா, அதைத் தின்னும் குற்றிழை உயிரிக்கு (மயிர் போன்ற இழைகள் கொண்ட ஒற்றைச் செல் உயிர்) எளிதாக இரையாவதைக் கண்டார்கள். பசிக்குத் தப்பினால் வாயில் மாட்டிக்கொள்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

தலையைப் பற்றியே பேசிவிட்டேன். வால் உன் துறைக்குப் பக்கம். போன விடுமுறையில் நீ சொன்னாயே, கப்பலின் கனமான எண்ணெயை 130 டிகிரிக்குப் பக்கம் சூடாக்கித்தான் இன்ஜினுக்கு அனுப்புவோம், அந்தக் கருவி சூட்டைப் பார்க்காது, எண்ணெயின் விஸ்காசிட்டியை, அதாவது அது எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதை அளந்து அதற்கேற்ப நீராவியைக் கூட்டும் குறைக்கும் என்று. நீ சொன்னபோதே எனக்குத் தோன்றியது: பாக்டீரியாவும் இதைத்தான் செய்கிறது! சவ்வு கெட்டியாகக் கூடாது, ஒரேயடியாக இளகவும் கூடாது. ஆனால் அதனிடம் ஹீட்டர் இல்லை. எண்ணெயையே மாற்றிக்கொள்ள வேண்டும். ஈ. கோலை பாக்டீரியாவில் இதை 1974-ல் சினென்ஸ்கி காட்டினார்.

நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது கொடைக்கானல் போனோம். காலையில் தேங்காயெண்ணெய் பாட்டில் மெழுகாக உறைந்திருந்தது, பக்கத்திலேயே நல்லெண்ணெய் ஓடிக்கொண்டிருந்தது. ஏன் என்று கேட்டாய். சுடுதண்ணீரில் பாட்டிலை வைத்துக்கொண்டே ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன். தேங்காயெண்ணெயின் வால்கள் நேரானவை, விறகுக் கட்டு மாதிரி நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். நல்லெண்ணெயின் வால்களில் வளைவு இருக்கிறது, நெருக்கமாக அடுக்க முடியாது, அதனால் அந்தக் குளிரில் உறையாது. குளிரும்போது பாக்டீரியா வளைந்த வால்களைக் கூடுதலாகச் செய்துகொள்ளும்.

உன் கப்பலுக்கு அடியில் அங்கே சுமார் 4,700 மீட்டர் ஆழம். தரையில் சூடு 2 டிகிரிக்கும் குறைவு. அழுத்தமும் சவ்வைக் குளிரைப் போலவே இறுக்கும். ஆயிரம் வளிமண்டல அழுத்தம் என்பது 13 முதல் 21 டிகிரி வரை குளிர்ந்ததற்குச் சமம் என்று கணக்கு. உனக்குக் கீழே அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அந்த இருட்டில் வாழும் பல பாக்டீரியாக்களின் சவ்வில் ஐந்து வளைவுள்ள ஒரு வால் இருக்கிறது, ஈ.பி.ஏ. நீ ஆசையாகச் சாப்பிடும் சாளை மீனின் எண்ணெயில் இருக்கிறதே, அதேதான்.

ஆழத்தின் ரகசியமே ஈ.பி.ஏ.தான் என்று நான் வருடக்கணக்கில் வகுப்பில் சொன்னேன். அது அப்படி இல்லை. சுலு கடலில் 2,500 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியாவில் பார்ட்லெட் குழு 1999-ல் ஈ.பி.ஏ. செய்ய முடியாதபடி ஆக்கியது. அழுத்தத்தில் அது நன்றாகவே வளர்ந்தது. ஒரே ஒரு வளைவுள்ள சாதாரண வாலைக் குறைத்தபோதுதான் தடுமாறியது. அதற்காக ஈ.பி.ஏ. வீண் என்றும் சொல்ல முடியாது. அண்டார்க்டிகாவின் ஷெவனெல்லா என்ற ஒரு பாக்டீரியாவில் அதை நிறுத்தினால், குளிரில் செல்கள் சரியாகப் பிரிய முடியாமல் நூல் மாதிரி நீண்டுவிடுகின்றன. ஒவ்வோர் உயிருக்கும் ஒவ்வொரு கணக்கு. எனக்குப் பாடம் கேட்ட பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு இதைத் திருத்திச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. உன்னிடமாவது சொல்லிவிட்டேன்.

அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, இப்போது மாடி ஏறுகிறார். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

ஒன்று மட்டும் செய், ராசா. வாட்ச் வேலையின்போது லாக் புத்தகத்தில் கடல் தண்ணீரின் வெப்பநிலையை எழுதுவாய் அல்லவா, ஜப்பான் போய்ச் சேரும்வரை அந்த எண்ணைத் தினமும் எனக்கு அனுப்பு. இன்றைக்கு எத்தனை டிகிரி?

அன்புடன்,
அம்மா