உன் நாவலில் வரும் அப்பா

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் நாவலின் முதல் அத்தியாயங்களும் கிடைத்தன. இங்கு அனைவரும் நலம். நாம் பிறந்த தோட்டத்தில் இப்போது ஒரு கித்தா (ரப்பர்) மரம்கூட இல்லை; தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்கள் இருந்த மேட்டிலும் எண்ணெய்க்கான செம்பனைதான் நிற்கிறது.

அப்பாவை அப்படியே எழுதலாமா என்று கேட்டிருந்தாய். சம்பள நாளில் சம்சு சாராயம் குடித்துவிட்டு வந்து அம்மாவை அடித்தவரையும், உன்னைச் சைக்கிளில் ஏற்றித் தமிழ்ப்பள்ளி வாசலில் இறக்கிவிட்டவரையும் ஒரே பாத்திரத்துக்குள் அடக்க முடியாமல் நீ தவிப்பது எழுத்திலேயே தெரிகிறது. இருவராகப் பிரித்துவிடு என்பதே என் எண்ணம்.

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் அப்படித்தான் செய்தார். 1824இல் தந்தை கடனுக்காகச் சிறைப்பட்டபோது, 12 வயதுச் சிறுவனான அவர் காலணி மை செய்யும் பட்டறையில் சீட்டு ஒட்டினார். அந்த அவமானத்தை நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் போன்ற மிக நெருங்கியவரிடம் மட்டுமே சொன்னவர், 1850இல் நூலாக வந்த 'டேவிட் காப்பர்ஃபீல்டு' நாவலில் அதை ஊரறிய எழுதினார். ஆனால் சிறுவனை வேலைக்கு அனுப்பும் கொடுமையை மாற்றாந்தகப்பன் தலையில் வைத்துவிட்டு, கடனால் சிறை செல்லும் மிக்காபர் என்ற பாத்திரத்தை எவரும் வெறுக்க முடியாத மனிதராக்கினார். அதனால்தான் அவருடைய கோபமும் பாசமும் ஒன்றையொன்று தடுக்காமல் முழுதாக வெளிப்பட்டன என்று நம்புகிறேன்.

நம் பக்கத்திலும் எடுத்துக்காட்டு உண்டு. 1938இல் இந்தோனேசியாவின் மேடான் நகருக்கு வேலைக்குப் போய், ஜப்பானியர் காலத்தை அங்கிருந்தே கண்ட ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972இல்தான் நூலாயிற்று. நாவலின் நாயகன் பாண்டியனின் சாகசங்களை ஆசிரியரின் வாழ்க்கை வரலாறாக எவரும் படிப்பதில்லை; ஆனால் அந்த மேடான் தெருக்களும் வட்டிக்கடைப் பேச்சும் அங்கே வாழ்ந்தவருக்கு மட்டுமே வாய்க்கக்கூடியவை.

ஆகவே ஆட்களை மாற்று, வேலையை மாற்றாதே. உன் அம்மா வெட்டுக்கோட்டில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை உரித்தெடுத்து, பால் வடியும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்து வைத்த பிறகே உளியை மரத்தில் வைக்கிறார். அந்த இடத்தைப் படிக்கையில் என் அம்மாவின் கைகளையே பார்த்தேன், கண் கலங்கிவிட்டது. ஆனால் இரவெல்லாம் மழை பெய்து பட்டை ஊறியிருக்கும் காலையில் அவர் வெட்டுக்குப் போவதாக எழுதியிருக்கிறாய். அன்று பால் வெட்டு இருந்திருக்காது; திருத்திவிடு.

இன்னொன்று: எதிர் லயத்து அக்காள் இன்றும் இவ்வூரில்தான் இருக்கிறார். அவருடைய துயரம் உன் கதைக்குத் தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அவர் பேரப்பிள்ளைகள் படித்தாலும் அடையாளம் காணாதபடி வீட்டையும் வயதையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் மாற்றிவிடு.

தீபாவளிக்கு வரும்போது எஞ்சிய அத்தியாயங்களையும் எடுத்து வா, சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
உன் நண்பன்