மேலே ஏறுவதற்கு முன்னால் செட்டிப்புடவு

கயலுக்கு,

பொங்கல் லீவில் பிள்ளைகளைச் சமணர் மலைக்குக் கூட்டிப் போகப்போவதாகச் சொன்னாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து தேனி ரோட்டில் வந்து நாகமலை புதுக்கோட்டையில் இடப்பக்கம் திரும்பினால் கீழக்குயில்குடி. ஆலமரம், தாமரைக்குளம், அய்யனார் கோயில் எல்லாம் மலையடியிலேயே. படியைக் கண்டதும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் ஏறப் பார்ப்பார்கள், விடாதே. முதலில் அடிவாரத்தோடு தென்மேற்குப் பக்கம் போய்ச் செட்டிப்புடவைப் பார். மேலே போய் இறங்கினவர்கள் களைப்பில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

புடவு என்றால் குகை. வெளியே பெரிதாக உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரரின், அதாவது சமண குருவின், நீண்ட காதைப் பார்த்து ஊர்க்காரர்கள் செட்டியார் ஆக்கிவிட்டார்கள். உள்ளே குனிந்து போய் அண்ணாந்து பார்க்கவேண்டும். சிங்கத்தின் மேல் வில்லோடு ஒரு பெண், எதிரே யானை மேல் வாளும் கேடயமுமாக ஒருவன். டார்ச்சை நேராக அடித்தால் புடைப்பு தெரியாது, எல்லாம் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் சாய்த்து அடி.

அப்புறம் படியேறினால் பேச்சிப்பள்ளம். சுனைக்கு மேலே எட்டுச் சிற்பங்கள் வரிசையாக. தலைக்கு மேல் நாகம் படமெடுத்தால் பார்சுவநாதர் என்ற தீர்த்தங்கரர், உடம்பைக் கொடி சுற்றியிருந்தால் பாகுபலி என்ற சமண முனிவர். கீழே இருப்பது 9, 10ஆம் நூற்றாண்டு வட்டெழுத்து, தமிழின் பழைய எழுத்து வடிவம். குரண்டித் திருக்காட்டாம்பள்ளி என்ற சமணப் பள்ளியின் மாணாக்கர்கள் பெயரெல்லாம் வரும். எழுத்து தெரியவேண்டும் என்று சாக்பீஸ் தேய்க்க யாரையும் விடாதே. காலை வெயில் சாய்வாக விழும்போது தானே தெரியும். சுனை ஓரம் பாசி, சின்னவனைக் கையில் பிடி.

அதற்கு மேலே மொட்டைப் பாறை, நிழல் கிடையாது. மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளியின் அடித்தளமும், தீபத்தூணும், பக்கத்தில் ஒரு கன்னடக் கல்வெட்டும்தான் மிச்சம். பத்து மணிக்குள் இறங்கிவிடு, பாறை சுட ஆரம்பித்தால் வெறுங்காலில் நிற்க முடியாது. தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர்.

தெம்பிருந்தால் முத்துப்பட்டிப் பக்கம் போங்கள். அங்கே சமண முனிவர்களின் கற்படுக்கைகளும், முசிறி என்ற பெயர் வரும் தமிழிக் (தமிழ் பிராமி) கல்வெட்டும் உண்டு. 2000 வருஷத்துக்கு முன்னால் மேற்குக் கடற்கரைத் துறைமுகத்தின் பெயர் இந்தப் பாறைக்கு வந்திருக்கிறது பார். கொங்கர் புளியங்குளத்துச் சமணக் குகையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள். அங்கே குகை வாய்க்கு மேல் பாறையில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கும். மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்ட. பிள்ளைகளுக்கு எழுத்தைவிட அதை முதலில் காட்டு.

அப்பா