இடித்த வீட்டு மரத்தை அடுப்பில் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் பழைய வீடுகளை இடித்து மாடிக் குடியிருப்புகள் கட்டும் வேலை ஓயாமல் நடக்கிறது. காணிக்காரருக்கு அவரவர் தேவை. அதைக் குறைகூற நான் எழுதவில்லை. இடித்த வீட்டின் மரத்தைப் பற்றியே எழுதுகிறேன். கதவு, நிலை, வளை, யன்னல் எல்லாவற்றையும் வாங்க ஆள் இருக்கிறது. படிக்கட்டுக் கைப்பிடியின் கடைசல் கால்கள், உடைந்த கதிரைக் கைகள், அரை முழச் சட்டத் துண்டுகள் இவற்றைக் கேட்பாரில்லை. எங்கள் ஒழுங்கையில் அண்மையில் இடித்த வீடொன்றின் முதிரை என்னும் வைர மரக் கால்களை எரித்து வேலையாட்கள் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தார்கள். அவர்கள்மேல் பிழை சொல்ல மாட்டேன். அதன் பெறுமதியை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

நான் ஓய்வுபெற்ற படவரைஞர். பின்விறாந்தையில் சிறிய கடைசல் இயந்திரம் ஒன்றை வைத்துப் பொழுதுபோக்காகப் பேனை கடைகிறேன். ஒரு பேனைக்கு 5 அங்குல நீளமும் முக்கால் அங்குலத் தடிப்பும் உள்ள துண்டு போதும். அதை இரண்டாக அறுத்து, நடுவே 7 மில்லிமீற்றர் துளையிட்டு, பித்தளைக் குழாயைப் பசை பூசிச் செருகுவேன். பசை இறுகியதும் முனைகளைக் குழாயோடு சமமாகச் சீவி, இரும்புத் தண்டில் கோத்து இயந்திரத்தில் பூட்டுவேன்.

உளி பட்டதும் முதலில் மூலைகள் தெறிக்கும். துண்டு உருண்டையானதும் அந்தத் தட்டல் சத்தம் அடங்கி ஒரே சீரான இரைச்சலாகிவிடும். பூச்சும் புகையும் படிந்து கறுத்துக் கிடந்த முதிரை அப்போதுதான் பொன்மஞ்சளாகத் தெரியும். அதன் நார்கள் மாறி மாறி எதிர்த்திசையில் சாய்ந்து வளர்ந்தவை. அதனால் முடிந்த பேனையை விரலில் உருட்டினால் ஒளி அலையலையாக ஓடும். முனைகளில் பித்தளையின் மேல் மிஞ்சும் மரம் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. உளி சற்று மழுங்கியிருந்தாலும் அந்த இடம் பிய்ந்துவிடும்.

பழைய மரத்தையே நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஈரம் வற்றாத மரம் காயும்போது சுருங்கும். உள்ளே இருக்கும் பித்தளை சுருங்காது. ஆகவே மரம் வெடிக்கும். தலைமுறைகளாகக் கூரையின் கீழ் உலர்ந்த மரத்தில் அந்தத் தொல்லை குறைவு. இன்னொன்று, கருங்காலியும் முதிரையும் இனி நினைத்தபடி கிடைக்கும் மரங்கள் அல்ல. புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் உள்ள ஒல்லாந்தர் கால அருங்காட்சியகத்தின் தளபாடங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த மரங்களின் அருமை தெரியும். அவற்றைப் புதிதாக வெட்டி ஏற்றிவர அனுமதிப்பத்திரம் வேண்டும். வேண்டியதுதான், காடு மிஞ்ச வேண்டாமா? அப்படியிருக்க, ஏற்கெனவே வெட்டப்பட்டு நம் வீடுகளில் இருந்த மரத்தை எரிப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

கடையில் சில ரூபாய்க்குப் பேனை கிடைக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கிறார்கள். வீட்டை விற்ற அயலவர் ஒருவருக்கு அவருடைய படிக்கட்டுக் காலிலேயே பேனை கடைந்து கொடுத்தேன். அதை ரொறன்ரோவில் இருக்கும் மகளுக்கு அனுப்பிவைத்தார். அந்தப் படியில் ஏறி இறங்கி வளர்ந்த பிள்ளை அவர். இதை எந்தக் கடையில் வாங்குவது?

இதில் இறங்க விரும்பும் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியையும் தடிப்பையும் உண்டாக்கும். எந்த மரத்தூளும் நெஞ்சுக்கு ஆகாது. முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். கையுறை மட்டும் வேண்டாம், சுழலும் மரம் அதைப் பற்றிக் கையையே இழுத்துவிடும். பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். அதைக் காய்ந்தபடி அரத்தாளால் தேய்க்காமல் நனைத்துச் சுரண்டி எடுங்கள். ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்த பிறகே அறுக்கும் வாளை வையுங்கள்.

வீடு இடிக்கக் கொடுப்பவர்களிடமும் ஒப்பந்தக்காரர்களிடமும் நான் கேட்பது இதுதான்: ஒரு சாண் நீளத்துக்குக் குறையாத வைர மரத் துண்டுகளை ஒரு சாக்கில் போட்டு, மழை படாமல் ஒரு மூலையில் வைக்கச் சொல்லுங்கள். அயலில் மரவேலை தெரிந்தவர்களுக்குச் சொல்லியனுப்புங்கள். விறகுக்குக் கிடைக்கும் விலையைவிடக் கூடுதலாகவே தந்து எடுத்துப் போவார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற படவரைஞர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.