சின்ஜுவிலிருந்து அப்பாவுக்கு

சின்ஜு, தைவான்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. அம்மா சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிய பக்கங்களை ஒரே மூச்சில் படித்தேன். கடைசிப் பக்கம் உங்கள் சொந்தக் கேள்வி, நான் வேலை பார்க்கும் சிப்புகளை இன்னும் சின்னதாகப் பண்ணுவது ஏன் கஷ்டம் என்று. அதற்கு அவசரமாகப் பதில் எழுத மனம் வரவில்லை, அதனால்தான் தாமதம்.

நான் நலம். அம்மா கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே அரிசி குட்டையாக, பிசுபிசுப்பாக இருக்கும். ரசம் விட்டால் சேராது. ஆனால் இந்த ஊர் அரிசி நூடுல்ஸுக்குப் பேர் போனது. பிழிந்து காற்றில் காயவைத்து விற்கிறார்கள். வெந்நீரில் போட்டு எடுத்து, கடுகு, மிளகாய் தாளித்து எலுமிச்சம்பழம் பிழிந்தால் அசல் நம் வீட்டுச் சேவை. கறிவேப்பிலைதான் கிடைக்காது. குளிர் 12, 13 டிகிரிதான், பெங்களூர் மார்கழி மாதிரி என்று நினைப்பீர்கள். ஆனால் கடல் பக்கமிருந்து ஈரக்காற்று விடாமல் அடிக்கும். வீட்டுக்குள் ஹீட்டரும் கிடையாது. புதுக் கோட்டு வாங்கச் சொல்லி அம்மா திரும்பத் திரும்ப எழுத வேண்டாம், பழையதே கனமாக இருக்கிறது.

கீழ்வீட்டுத் தாத்தாவைப் பற்றி மலர் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். மாடிப்படிக் கைப்பிடி முழுக்க முள்ளங்கித் துண்டு காயப்போடுகிறவர். சாயங்காலம் குப்பை வண்டி இசை போட்டுக்கொண்டு வரும்போது என் கதவைத் தட்டிவிட்டுத்தான் இறங்குவார், ஒரு நாளும் தவறமாட்டார். ஆகவே பேச ஆள் இல்லை என்றெல்லாம் நினைக்காதீர்கள்.

இனி உங்கள் கேள்வி. "பேப்பரில் 3 நானோ, 2 நானோ என்று போடுகிறான். ஒரு தடவை சின்னதாகப் பண்ணினவனுக்கு அடுத்த தடவை என்ன கஷ்டம்? மெஷினை இன்னும் கொஞ்சம் டைட் பண்ண வேண்டியதுதானே?" எச்ஏஎல் விமானத் தொழிற்சாலையில் வாழ்க்கை முழுக்க மைக்ரோமீட்டர் பிடித்தவர் நீங்கள். உங்களுக்கு அளவுகளை வைத்தே சொல்லலாம்.

முதலில், அந்த "2 நானோமீட்டர்" ஒரு தலைமுறையின் பெயர்தான், அளவு இல்லை. நிஜ நானோமீட்டர் என்றால் மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 3 நானோமீட்டர் என்று விற்கிற சிப்பில், டிரான்சிஸ்டர் என்கிற சின்ன சுவிட்சைத் திறந்து மூடும் கேட் ஒன்றுக்கும் அடுத்த கேட்டுக்கும் இடையே சுமார் 45 முதல் 50 நானோமீட்டர் இருக்கும். மிக நெருக்கமான கம்பிகளுக்கு இடையே 23, 24. இதுவே போதுமான கொடுமை. 1971-இல் வந்த இன்டெல் 4004-இல் 10 மைக்ரான் கோடுகள், 2,300 டிரான்சிஸ்டர்கள். 2023-இல் வந்த ஆப்பிள் ஏ17 ப்ரோவில் 1,900 கோடி. சிலிக்கான் படிகத்தின் ஓர் அலகு 0.543 நானோமீட்டர். எண்ணிப் பார்த்தால் எண்ணிவிடக்கூடிய அணுக்களில்தான் இப்போது வேலை.

கோடு கிழிப்பதே ஒளியால்தான். பல வருஷம் 193 நானோமீட்டர் அலைநீள ஒளியை வைத்தே ஓட்டினார்கள். லென்ஸுக்கும், சிப்புகளைச் செய்யும் சிலிக்கான் தட்டுக்கும் நடுவில் தண்ணீர் விட்டார்கள். ஒரே அடுக்கை இரண்டு தடவை, நாலு தடவை பிரித்துப் பதித்தார்கள். ஒவ்வொரு தடவையும் முந்தைய பதிவின் மேல் சரியாக உட்கார வேண்டும், செலவும் ஏறும். அதனால்தான் 13.5 நானோமீட்டருக்கு, இயூவி என்கிற ஒளிக்கு மாறினார்கள். அதற்கான மெஷினை உலகத்தில் ஒரே கம்பெனிதான் செய்கிறது, நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல்.

அந்த ஒளியை உண்டாக்குகிற விதத்தைக் கேளுங்கள். சுமார் 30 மைக்ரான் குறுக்களவுள்ள உருகிய ஈயச்சொட்டு என்று கார்த்தி உங்களிடம் சொன்னானாம். ஈயம் இல்லை, வெள்ளீயம். விநாடிக்கு 50,000 சொட்டு விழும். ஒவ்வொன்றையும் லேசர் இரண்டு தடவை அடிக்கும். முதல் அடியில் சொட்டு தட்டையாகும்; இரண்டாவது அடியில் ஆவியாகி, லட்சக்கணக்கான டிகிரி சூட்டில் அந்த ஒளியை விடும். காற்று இந்த ஒளியை விழுங்கிவிடும், அதனால் முழுப் பாதையும் வெற்றிடம். கண்ணாடி லென்ஸும் விழுங்கிவிடும், அதனால் லென்ஸே கிடையாது. மாலிப்டினமும் சிலிக்கானும் மாறி மாறி சுமார் 40 ஜோடி பூசிய ஆடிகள்தான். ஓர் ஆடி நன்றாக இருந்தால் விழுவதில் 70 சதவீதத்தைத் திருப்பும். பத்து ஆடி தாண்டினால் 3 சதவீதம்கூட மிஞ்சாது. சிதறும் வெள்ளீயம் முதல் ஆடியில் படியும். படிந்தால் ஒளி குறையும், ஒளி குறைந்தால் மணிக்கு எத்தனை தட்டு என்பது குறையும். ஹைட்ரஜன் வாயுவை ஓடவிட்டு அதைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு தொல்லை, இது மெஷினை டைட் பண்ணித் தீராது. இயூவி ஒளியின் ஒரு துணுக்குக்கு 92 எலக்ட்ரான் வோல்ட் சக்தி. பழைய ஒளியின் துணுக்குக்கு 6.4. சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லிஜூல் ஒளி பாய்ச்சினால், பழையதில் சதுர நானோமீட்டருக்கு 290 துணுக்கு விழும்; இதில் 20-தான். தட்டின் மேல் பூசியிருக்கும், ஒளி பட்டால் மாறுகிற ரெசிஸ்ட் பூச்சு உறிஞ்சுவது அதிலும் ஒரு பங்கு. சராசரியே இவ்வளவு குறைவு என்றால், ஓரிடத்தில் கொஞ்சம் கூடும், ஓரிடத்தில் கொஞ்சம் குறையும். குறைந்த இடத்தில் துளை திறக்காது. கூடின இடத்தில் பக்கத்துக் கோட்டோடு சேர்ந்துவிடும். கோடிக்கணக்கான துளையில் ஒன்று மூடிக்கொண்டாலும் அந்த சிப் போச்சு. ஒளியைக் கூட்டினால் சரியாகும். ஆனால் மெஷின் மெதுவாகும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் தினசரிச் சண்டை.

உங்களுக்குப் பிடிக்கும் கணக்கு ஒன்று. சிலிக்கான் தட்டு 300 மில்லிமீட்டர் விட்டம். ஒரு டிகிரி சூடேறினால் அது முக்கால் மைக்ரானுக்கு மேல் விரியும். நாங்கள் ஓர் அடுக்கின் மேல் இன்னோர் அடுக்கை வைக்கும்போது தாங்கும் பிழை இரண்டு, மூன்று நானோமீட்டர். டிகிரியில் நூறில் ஒரு பங்கு மாறினாலும் விளிம்புக்கு விளிம்பு கிட்டத்தட்ட 8 நானோமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். அளக்கும்முன் வேலைப்பொருளை ஆறவிடு என்று நீங்கள் கார்த்தியைத் திட்டுவீர்களே, அதைத்தான் இங்கே கோடிக்கணக்கில் செலவு பண்ணிச் செய்கிறார்கள்.

டிரான்சிஸ்டரின் கதை வேறு. கேட்டின் கீழே மின்சாரத்தைத் தடுக்க இருந்த ஆக்சைடு படலம் 1.2 நானோமீட்டர் வரை மெலிந்தபோது எலக்ட்ரான்கள் அதை ஊடுருவிக் கசிந்தன. 2007-இல் இன்டெல் 45 நானோமீட்டர் தலைமுறையில் ஹாஃப்னியம் கலந்த தடிமனான படலத்துக்கு மாறியது. மின்னழுத்தமும் ஓரளவுக்குக் கீழ் இறங்காது: சுவிட்ச் திறக்கிற அழுத்தத்தை 60 மில்லிவோல்ட் குறைத்தால் அணைந்திருக்கும்போது கசிவது 10 மடங்காகும். அழுத்தம் இறங்காமல் வேகத்தை மட்டும் ஏற்றினால் சிப் சூடேறிவிடும். கணினி வேகம் 4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வருஷக்கணக்காக நின்றுபோனதற்கு வேர் இதுதான்.

இப்போதைய வடிவம் நானோ தகடு. சிலிக்கான், சிலிக்கான்-ஜெர்மானியம் இரண்டையும் மாறி மாறி வளர்க்கிறோம். குறுக்கே வெட்டி, பக்கவாட்டிலிருந்து ஜெர்மானியக் கலவையை மட்டும் அரித்து எடுக்கிறோம். இரண்டு முனையிலும் மட்டும் பிடிப்போடு, சிலிக்கான் தகடுகள் அந்தரத்தில் நிற்கும். பத்து நானோமீட்டர் சுமார் இடைவெளிக்குள் படலத்தையும் உலோகத்தையும் அணு அடுக்காகப் படியவைக்க வேண்டும். அரிப்பு குறைந்தால் கலவை மிஞ்சும். கூடினால் சிலிக்கானும் தேயும். கழுவி உலர்த்தும்போது நீரின் பரப்பு இழுவிசையில் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மேல் தகடும் கீழ்த் தகடும் ஒரே தடிமனில் வராவிட்டால் ஒரே டிரான்சிஸ்டரின் பாகங்கள் வெவ்வேறு அழுத்தத்தில் திறக்கும்.

என்னைக் கேட்டால் டிரான்சிஸ்டரைவிடக் கம்பிதான் பெரிய தலைவலி. தாமிரத்தில் எலக்ட்ரான் சுமார் 40 நானோமீட்டர் தடையில்லாமல் ஓடும். கம்பியே அதைவிட மெலிந்தால் ஓரத்தில் இடித்து இடித்தே போகும், மின்தடை ஏறும். தாமிரம் சுற்றிலும் பரவாமல் இருக்க டான்டலம் நைட்ரைடு பூச வேண்டும். நம் தெருவில் பழைய தண்ணீர்க் குழாய்க்குள் சுண்ணாம்பு படிந்திருக்குமே, குழாய் சின்னதாக ஆக ஆக அந்தப் படிவுக்கே பாதி இடம் போய்விடும், அந்தக் கதைதான். கோபால்ட், ருத்தேனியம் என்று வேறு உலோகம் பார்க்கிறார்கள். மின்சாரம் கொடுக்கும் கம்பிகளை மட்டும் தட்டின் பின்பக்கம் கொண்டுபோவது இன்னொரு வழி. இன்டெல்லின் 18ஏ தலைமுறை அப்படித்தான். நினைவகமும் சுருங்க மாட்டேன் என்கிறது. சிப் கம்பெனி டிஎஸ்எம்சியின் 5 நானோமீட்டரிலும், 3 நானோமீட்டரின் இரண்டாம் வடிவிலும் எஸ்ரேம் என்கிற, சிப்புக்குள்ளேயே இருக்கும் நினைவகத்தின் ஒரு செல்லின் பரப்பு அதே 0.021 சதுர மைக்ரான். சிப்பில் பெரும் பகுதி நினைவகம் என்றால், பணம் கூடக் கொடுத்தாலும் இடம் மிச்சமில்லை.

ஒரு தட்டு ஃபேபுக்குள், அதாவது சிப் தொழிற்சாலைக்குள் நுழைந்து வெளியே வர மூன்று மாதம் ஆகும், ஆயிரம் படிக்கு மேல். ஒவ்வொரு படியும் 99.9 சதவீதம் சரி என்றால் கேட்க நன்றாக இருக்கும். ஆயிரம் படி முடிவில் 37 சதவீதம்தான் தேறும். 99.99 ஆனால் 90. அந்த ஒரு தசம இடத்துக்காகத்தான் நாங்கள் இத்தனை பேர் இரவும் பகலும் நிற்கிறோம். சிப் பெரிசானாலும் இதே கதி. சதுர சென்டிமீட்டருக்கு 0.1 குறை என்றால், 100 சதுர மில்லிமீட்டர் சிப்பில் 90 சதவீதம் தேறும், 800-இல் 45. அதனால்தான் பெரிய சிப்பைத் துண்டு துண்டாகச் செய்து பக்கத்தில் வைத்து இணைக்கிறார்கள்.

கார்த்தியிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். சிப் டிசைனைச் சரிபார்க்கும் வெரிஃபிகேஷன் வேலை கையில் இருக்கிறது, நல்லதுதான். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-இல் பெங்களூருக்கு வந்ததிலிருந்து டிசைன் வேலைக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. ஆனால் ஐஐஎஸ்சியின் நானோ மையத்தில் இடம் கிடைத்தால் எம்.டெக் போகட்டும். குஜராத்தின் தொலேராவில் டாட்டா கட்டுகிற ஃபேப் இந்த ஊர்ப் பவர்சிப் கம்பெனியின் கூட்டில், 28 நானோமீட்டர்தானே என்று அவன் உதட்டைப் பிதுக்க வேண்டாம். காருக்கும் டிவிக்கும் அதுதான் போகிறது. தேர்ச்சி விகிதத்தை ஏற்றுகிற கையை 28-இல் பழகினவனுக்கு எந்த நானோவும் பிடிபடும். புரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள் நம்மிடம் நிறைய. தட்டில் எங்கே குறை வந்தது, எந்தப் படியில் வந்தது என்று தேடிப் பிடிக்கிறவர்கள் குறைவு.

சோமேசுவரர் கோயில் பல்லக்கு இந்த வருஷமும் நம் வாசல் வழியாகத்தான் போகுமா அப்பா? பூ மணமும் நாயனமும் அந்தத் தெரு வெளிச்சமும்... இங்கே ஃபேபுக்குள் எல்லாம் மஞ்சள் விளக்கு, ஒரு வாசனையும் கிடையாது. ஏரிக்கரைப் பக்கம் நீங்கள் நடக்கும்போது என்னையும் நினைத்துக்கொள்ளுங்கள். சரி, விடுங்கள்.

மலர் அக்கா வளைகாப்புக்கு நாள் பார்த்தாயிற்றா? எனக்கு லீவு கிடைப்பது கஷ்டம், என்னை வைத்து நாளைத் தள்ள வேண்டாம். வளையலும் புடவையும் செல்வி அத்தையோடு போய் கமர்ஷியல் தெருவில் எடுங்கள், அக்காவைத் தனியாக அலையவிடாதீர்கள். இந்த மாதப் பணம் பத்தாம் தேதிக்கு மேல்தான் வரும். வங்கியில் ஏதோ வேலை நடக்கிறது, வேறொன்றும் இல்லை. அதுவரை அம்மா மாத்திரையை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டு லீசு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஓனர் தொகையை ஏற்றிக் கேட்டால், முதலில் பழைய தொகைக்கு ரசீது இருக்கிறதா என்று டிரங்குப் பெட்டியில் பாருங்கள். புது ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணாமல் கையெழுத்துப் போட வேண்டாம். மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதை அவர் செலவில் சரிசெய்வதாக அதிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு போன தடவையே நின்றது இல்லை. பத்திரத்தின் எல்லாப் பக்கத்தையும் கார்த்தி போட்டோ எடுத்து அனுப்பட்டும், நான் படித்துவிட்டுச் சொல்கிறேன், அதற்குப் பிறகு போய்ப் பேசுங்கள்.

இப்படிக்கு,
அன்பு மகள்
வசந்தி

பி.கு.: ஊரிலிருந்து யாராவது இந்தப் பக்கம் வந்தால் காயவைத்த கறிவேப்பிலை ஒரு பொட்டலம் மட்டும் கொடுத்துவிடுங்கள். சாம்பார்ப் பொடி இருக்கிறது.