முதல் பருவக் கடிதம்: வேளாங்கண்ணி நடைப்பயணமும் பிள்ளைகளின் வருகையும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போன சமயத்தில் பள்ளி திறந்தோம். அதற்குள் ஆகஸ்ட் பாதி போய்விட்டது. இந்தப் பருவத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் மகிழ்ச்சி தந்தன. குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளில் நம் பிள்ளைகள் நன்றாக ஆடினார்கள், எறிபந்தில் குறிப்பாக. ஆகஸ்ட் 15 அன்று சுதந்திர தினத்தையும் மாதாவின் விண்ணேற்புப் பெருவிழாவையும் ஒரே காலையில் நிறைவாகக் கொண்டாடினோம். கழிப்பறைக் கதவுகள் மாற்றப்பட்டுவிட்டன. மாடித் தண்ணீர்த் தொட்டி கழுவியாகிவிட்டது. எல்லோருக்கும் பாராட்டுகள்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணியில் கொடியேற்றம். செப்டம்பர் 8 மாதாவின் பிறந்தநாள் பெருவிழா. கொடியேறுவதற்கு ஒரு வாரம் முன்பே நம் ராமேசுவரம் தீவிலிருந்து நடைப்பயணக் குழுக்கள் கிளம்ப ஆரம்பிக்கும். காவி உடுத்தி, சின்னச் சப்பரத்தில் மாதாவின் சுரூபத்தை (சிலையை) வைத்துத் தள்ளிக்கொண்டு, பாலம் தாண்டி, ராமநாதபுரம், தேவிபட்டினம், தொண்டி என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாத நடை. வழியில் பிற சமயத்துக்காரர்கள்கூடப் பந்தல் போட்டு மோரும் சாப்பாடும் கொடுப்பார்கள். இந்தக் கடற்கரையின் அழகான பழக்கங்களில் இதுவும் ஒன்று. இதைக் குறைசொல்ல நான் இந்தக் கடிதத்தை எழுதவில்லை. தயவுசெய்து அப்படிப் படிக்க வேண்டாம்.

ஆனால் வருஷா வருஷம் அந்த இரண்டு வாரமும் சில வகுப்புகளில் பாதி பெஞ்சு காலியாக இருக்கிறது. ஆசிரியர் தினத்தன்று வாழ்த்துச் சொல்லக்கூட ஆள் இல்லாத வகுப்பு உண்டு. அது போகட்டும், ஆசிரியர்கள் அதற்காக வருத்தப்படுகிறவர்கள் இல்லை. நடந்து முடித்துத் திரும்புகிற பிள்ளைகளைப் பார்க்கும்போதுதான் கவலையாக இருக்கிறது. செருப்பைப் பெஞ்சுக்கு அடியில் கழற்றிப் போட்டுவிட்டு, கொப்புளம் உடைந்த குதிகாலைத் தரையில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பாதிப் பேருக்குக் காய்ச்சல், மீதிப் பேருக்குத் தூக்கம். அடுத்து வருவது காலாண்டுத் தேர்வு.

போன காலாண்டில் ஒரு விடைத்தாள் என் மேசைக்கு வந்தது. ஒன்பதாம் வகுப்பு, அறிவியல். முதல் பக்கத்தின் உச்சியில் ‘மரியே வாழ்க’ என்று அச்சடித்ததுபோல் எழுதி, சிவப்பு பேனாவால் அடிக்கோடும் போட்டிருந்தான். கீழே முதல் கேள்வியின் எண். அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாம் பக்கமும் அப்படியே. கேள்விகள் வந்த பாடம் அவன் சாலையில் இருந்த நாட்களில் நடத்தியது. திருத்திய ஆசிரியைக்கு அந்த முதல் வரியை அடிக்கவும் மனமில்லை, அதற்கு மதிப்பெண் போடவும் வழியில்லை.

அந்தப் பையனின் அம்மாவை அழைத்துப் பேசினேன். “மாதா பார்த்துக்குவாங்க சிஸ்டர்” என்றார். இதே பதிலை வேறு பலரும் சொல்லியிருக்கிறீர்கள். நானும் தினமும் செபமாலை சொல்கிறவள்தான். மாதா பார்த்துக்கொள்வார் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. எதைப் பார்த்துக்கொள்வார், எதை நம் கையில் விட்டிருக்கிறார் என்பதைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

யோவான் நற்செய்தியில் வரும் கானாவூர்க் கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திராட்சை ரசம் தீர்ந்துபோனது என்று முதலில் கவனித்தது மாதா. மகன் இயேசுவிடம் சொன்னதும் மாதா. பிறகு பணியாளர்களிடம், “அவர் உங்களுக்குச் சொல்வதெல்லாம் செய்யுங்கள்” என்றார். அங்கே ஆறு கல்தொட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றும் 80 முதல் 120 லிட்டர் வரை கொள்ளும் அளவு. நம் பிளாஸ்டிக் குடத்தில் சுமந்தால் மொத்தம் முப்பது நாற்பது நடையாவது ஆகும். தெருக்குழாயில் தண்ணீர் வராத நாளில் குடம் சுமக்கும் நம் ஊர்ப் பெண்களுக்கு அது எவ்வளவு வேலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பணியாளர்கள் தொட்டிகளை விளிம்பு வரை நிரப்பினார்கள் என்று யோவான் எழுதுகிறார். புதுமை அதற்குப் பிறகுதான் நடந்தது. கல்யாண வீட்டில் மாதா இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்று யாராவது குடத்தைக் கீழே வைத்திருந்தால் தொட்டிகள் காலியாகவே இருந்திருக்கும்.

வீல்ஹவுஸில் மாதா படம் மாட்டிக் கடலுக்குப் போகும் விசைப்படகுகள் நம்மிடம் எத்தனையோ உண்டு. படம் இருக்கிறதே என்று டீசல் அளக்காமல், வயர்லெஸ் பார்க்காமல், பாம்பனில் புயல் கூண்டு ஏறியிருக்கும்போது யாரும் படகை எடுப்பதில்லை. அந்த நிதானத்தைப் பிள்ளையின் படிப்பு விஷயத்திலும் கேட்கிறேன்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பனார் என்னை மடக்கினார். “மாதாவே பன்னிரண்டு வயசுப் பிள்ளையை எருசலேம் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போனாங்களே சிஸ்டர், நாங்க போகக்கூடாதா?” நல்ல கேள்வி. எல்லோரும் சிரித்தோம். லூக்கா நற்செய்தியில் அந்தப் பகுதியைத் தொடர்ந்து படித்தால் இன்னும் இரண்டு விஷயம் தெரியும். கூட்டத்தோடுதான் வருகிறான் என்று நினைத்து ஒரு நாள் தூரம் நடந்த பிறகுதான் பிள்ளையைக் காணோம் என்று தெரிந்தது. மூன்று நாள் கழித்துக் கண்டுபிடித்த இடம் எது? கோவிலில், போதகர்களின் நடுவில், அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டும் கேள்வி கேட்டுக்கொண்டும் இருந்தார். ஆசிரியர்கள் பக்கம்தான் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டால் மன்னியுங்கள்.

கூட்டத்தில் பிள்ளை தவறிப்போவது அப்போது மட்டும் நடந்ததில்லை. வெயிலுக்குப் பயந்து பெரும்பாலான குழுக்கள் விடியற்காலையிலும் இரவிலும் நடக்கின்றன. அதே சாலையில் மீன் வண்டிகளும் லாரிகளும் வேகமாகப் போகின்றன. ஏழு வயது, எட்டு வயதுப் பிள்ளைகளை இருட்டில் அந்தச் சாலையோரம் நடத்திக் கூட்டிப்போவதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இனி நேர்ச்சை. உங்களில் பலருக்கு இதுதான் உண்மையான சிக்கல் என்று எனக்குத் தெரியும். பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்தால் இத்தனை வருஷம் நடக்க வைக்கிறேன் என்று நேர்ந்திருப்பீர்கள். இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன கணவர் வீடு திரும்ப வேண்டும் என்று, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மாதா கெபியின் (குகை போன்ற சிறு ஆலயத்தின்) முன்னால் நேர்ந்த அம்மாக்களும் நம்மில் இருக்கிறார்கள். கணவர் திரும்பி வந்தார். அந்த வாக்கை மீற அவர்களால் முடியுமா? மீறச் சொல்லி நான் கேட்கவே மாட்டேன்.

ஆனால் திருச்சபைச் சட்டம் இதில் நீங்கள் நினைப்பதைவிட இளகியது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் நேர்ச்சை பற்றித் தனிப் பகுதியே இருக்கிறது. 1193ஆம் எண் சட்டப்படி, ஒரு நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டும். நீங்கள் நேர்ந்தது உங்களுக்குரிய கடன், அது பிள்ளையின் தலையில் தானாக ஏறாது. 1196 இன்னொன்றைச் சொல்கிறது: நியாயமான காரணம் இருந்தால் தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விடுவிக்கப் பங்குத்தந்தைக்கே அதிகாரம் உண்டு. 1197இன்படி, நேர்ந்தவரே அதை அதற்குச் சமமான அல்லது அதைவிட மேலான நற்செயலாக மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். மாதா கோபித்துக்கொள்வார், குடும்பத்துக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயப்படுகிறவர்கள் தயவுசெய்து பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். நானும் அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிறு பூசைக்குப் பிறகு சந்திக்கலாம். அப்புறம், பிள்ளையைத் தண்டிக்கக் காத்திருக்கிற ஒருத்தியை நாம் தாய் என்று கூப்பிடுவதில்லை.

கடவுளின் வாக்குறுதியும் நம் நேர்ச்சையும் கொடுக்கல் வாங்கல் கணக்கில் வருகிறவை அல்ல. “ஆண்டவர் உமக்குச் சொன்னவை நிறைவேறும் என்று நம்பிய நீர் பேறுபெற்றவர்” என்று மாதாவின் உறவினரான எலிசபெத்து மாதாவிடம் சொன்னார். அப்படி நம்பியவருக்குக் கிடைத்தது சுலபமான வாழ்க்கையா? கோவிலில் குழந்தையைக் கையில் வாங்கிய சிமியோன், ஒரு வாள் உம் உள்ளத்தை ஊடுருவும் என்றுதான் சொன்னார். பிறகு எகிப்துக்கு ஓட்டம், கடைசியில் சிலுவையடி. “உலக முடிவுவரை எந்நாளும் நான் உங்களுடன் இருக்கிறேன்” என்பது ஆண்டவர் கொடுத்த வாக்கு. உடன் இருப்பேன் என்றார். கணக்குப் பாடத்தில் தேர்ச்சிக்கு அவர் எங்கும் வாக்குக் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு சில வீடுகளிலிருந்து காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம் வந்தது. அதே வாரம் அந்தப் பிள்ளைகள் காவி உடையில் நடக்கும் படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்தது. இன்னும் சிலர் வகுப்பாசிரியரிடம் தனியாக வந்து, வருகை மட்டும் போட்டுவிடுங்கள் டீச்சர், மாதா காரியம்தானே என்று கேட்டிருக்கிறார்கள். இதை நான் ஏற்கமாட்டேன். காலையிலேயே வருகை செயலியில் ஏறிவிடுகிறது. வராத பிள்ளையை வந்ததாகப் பதிவது பொய். மாதாவின் பெயரால் ஓர் இளம் ஆசிரியையைப் பொய் எழுதச் சொல்வது எந்த வகைப் பக்தி? இனி அப்படிக் கேட்டு யாரும் வகுப்பாசிரியரிடம் போக வேண்டாம், நேராக என்னிடம் வாருங்கள். என் பதில் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆகஸ்ட் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் 8 வரை நடைப்பயணத்துக்காக விடுப்புத் தர மாட்டோம். மற்ற வகுப்புகளில், கட்டாயம் போக வேண்டிய குடும்பங்கள் சனி, ஞாயிறை ஒட்டிப் பேருந்தில் போய் வரலாம். ஒரு நாள் கூடுதலாகத் தேவைப்பட்டால் உண்மையான காரணத்தை எழுதி முன்கூட்டியே கொடுங்கள், மறுக்க மாட்டேன். தொடக்க வகுப்புப் பிள்ளைகளை நடக்க வைக்காதீர்கள். இதில் உங்களைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை, கெஞ்சிக் கேட்கிறேன். நடந்தே தீர வேண்டும் என்று ஆசைப்படுகிற பெரிய பிள்ளைகளுக்குக் காலாண்டு விடுமுறை இருக்கிறது, நம் மாவட்டத்துக்குள்ளேயே ஓரியூர் இருக்கிறது. 1693இல் புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) விசுவாசத்துக்காகத் தலை கொடுத்த மண் அது. அங்கே நடந்து போனால் மாதா வருத்தப்படப் போவதில்லை. அன்றைக்கு நானும் உங்களோடு வருகிறேன், முழங்கால் வலி விட்ட தூரம் வரை.

இந்த விதி எல்லாச் சமயப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். வேறு கோவில், வேறு தர்கா திருவிழாக்களுக்கும் இதே நடைமுறைதான். கத்தோலிக்கப் பள்ளி என்பதால் வேளாங்கண்ணிக்கு மட்டும் சலுகை என்ற பேச்சும் வேண்டாம், வேளாங்கண்ணிக்கு மட்டும் தடை என்ற பேச்சும் வேண்டாம்.

நடைப்பயணம் போகாத பிள்ளைகள் எதையோ இழந்துவிட்டதாக நினைக்கக் கூடாது என்பதற்காக, கொடியேறும் நாளிலிருந்து செப்டம்பர் 8 வரை பள்ளி நாட்களில் மாலை நான்கரை மணிக்கு நம் கெபியில் செபமாலை இருக்கும். விருப்பமுள்ளவர்கள் மட்டும் நின்றால் போதும். கடைசி நாள் சுண்டல் உண்டு. பெரியவர்கள் நடக்கும் குழுவில் பள்ளிக்காகவும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்லி, பிள்ளைகள் எழுதும் மன்றாட்டுச் சீட்டுகளைக் கொடுத்து அனுப்பலாம் என்று இருக்கிறோம்.

கடுமையாக எழுதியது யார் மனதையாவது நோகடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் விசுவாசம்தான் இந்தப் பள்ளியைத் தாங்குகிறது. கெபிக்கு வெள்ளையடித்துக் கொடுத்தவர்களுக்கும், ஆகஸ்ட் 15 அன்று மாதாவுக்குப் பூ கட்டித் தந்த அம்மாக்களுக்கும், மதிய உணவுக்கூடத்துக்கு மின்விசிறி வாங்கித் தந்த விசைப்படகுத் தொழிலாளர்களுக்கும் என் நன்றி. பாசி எடுத்துவிட்டு ஈரச் சேலையோடு நேராகப் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்களை நான் மறக்கவில்லை.

இத்துடன் இணைத்துள்ள சீட்டில் உங்கள் பிள்ளை எந்தெந்த நாட்களில் வராது என்று எழுதி, கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுக்கவும். அப்பா கடலுக்குப் போயிருந்தால் அம்மாவோ பாட்டியோ கையெழுத்துப் போட்டால் போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியை